கீழ்த்தளத்துச் சேர்மக்கனி

ஓடைக்கரைப்பட்டியில் ஓடையும் கிடையாது, கரையும் கிடையாது; பேரூராட்சி என்று ஒரு பலகையும், அதன் நிழலில் படுத்துக்கிடக்க நாலு நாய்களும், பதினோரு வருடமாக ஒன்றேகாலில் நின்றுபோன பேருந்து நிலையக் கடிகாரமும்தான் உண்டு. அப்பேர்ப்பட்ட ஊருக்குத்தான், ஏழு கோடி மைலுக்கு அப்பால் ஒரு விண்வெளிக் கப்பலின் கீழ்த்தளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சேர்மக்கனி, சித்திரை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றின் காலையில் வந்து சேர்ந்தார். வந்தவர் முதல் வேலையாகக் கடிகாரத்தை ஓடவிட்டார்.

வந்தவரை யாரும் பார்க்கவில்லை. அதற்கு முன்னாலும் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஞாயிறு தவறாமல் காலை பதினோரு மணிக்கு டிவியில் வரும் 'நெடுவெளிக் கப்பல்' தொடரில் எத்தனையோ பேர் வந்தார்கள், பறந்தார்கள், சுட்டார்கள், செத்தும் போனார்கள்; ஆனால் கப்பலில் என்ன கோளாறு வந்தாலும், குழாய் வெடித்தாலும், விளக்கு அணைந்தாலும், கேப்டன் தாடியைத் தடவிக்கொண்டு "சேர்மக்கனி பார்த்துக்கொள்வார்" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வார், அடுத்த நிமிடம் எல்லாம் சரியாகிவிடும். மூலத்தில் அந்த ஆளுக்கு என்ன பெயரோ, வாயசைவுக்குப் பொருந்தட்டும் என்று டப்பிங் எழுதியவர் தன் சொந்தக்காரர் பெயரைப் போட்டுவிட்டதாகப் பேச்சு. தொண்ணூற்றொன்பது வாரத்தில் சேர்மக்கனியின் முகம் வேண்டாம், ஒரு விரலாவது தெரிந்ததா என்றால் இல்லை.

தெரியாத ஒன்றைப் பற்றிப் பேசுவதில் ஓடைக்கரைப்பட்டிக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. சலூன் சங்கரபாண்டி, சேர்மக்கனி முதல் வாரத்திலேயே செத்துப்போனார் என்று அடித்துச் சொன்னார். மனுசன் உயிரோடு இருந்தபோது போட்ட கிரீஸ் அப்படி, கப்பல் இன்னும் அதிலேதான் ஓடுகிறது என்பது அவர் கட்சி. தையல்கடை ஆபிரகாமோ, அது கேப்டனின் சம்சாரம், என்னமோ சண்டையில் கோபித்துக்கொண்டு கீழே போனவள் மேலே வர மாட்டேன் என்கிறாள், இறங்கிப்போய்க் கூப்பிட இவருக்கும் தைரியம் இல்லை என்றார். கணக்கு டீச்சர் ஜெயராணி நோட்டுப் போட்டு எழுதி, தொண்ணூற்றொன்பது வாரத்தில் முந்நூற்று நாற்பது வேலை ஒரு ஆளால் ஆகாது, ஷிப்ட் முறையில் ஏழு பேர் ஒரே பெயரில் வேலை பார்க்கிறார்கள் என்று நிரூபித்தார். இந்த மூன்று கட்சியில் எதிலாவது சேராதவனுக்கு ஊரில் டீ கூட ருசிக்காது.

சேராதவள் ஒருத்தி இருந்தாள். உலகம்மாள், பேரூராட்சி பம்ப் ரூமில் மோட்டார் போட்டு, ஒவ்வொரு தெருவுக்கும் வால்வு திருகித் தண்ணீர் திறந்துவிடுகிறவள். பத்தொன்பது வருடமாக விடியற்காலை நாலரைக்குப் போய் இருட்டும் நேரம் திரும்புகிறவள். தண்ணீர் வந்தால் அரசாங்கம் விட்டது என்பார்கள், வராவிட்டால் "இந்த உலகம்மா எங்க போய்த் தொலைஞ்சா?" என்பார்கள். "நீ என்ன தாயி நெனைக்கே?" என்று சங்கரபாண்டி ஒருநாள் கேட்டதற்கு, "அவருக்கு லீவு கெடைக்கலன்னு நெனைக்கேன் அண்ணாச்சி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், அதை ஒரு கருத்தாக டீச்சர் நோட்டில் ஏற்றவும் இல்லை.

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரே மகள் மாரிச்செல்வி தலைப்பிரசவத்துக்கு இங்கேதான் வந்தாள். வலி எடுத்த அன்றைக்கென்று பார்த்து மேலத்தெரு பைப் வெடித்து, உலகம்மாள் சேற்றுக்குள் நின்றாள். குழந்தை பிறந்து மயக்கம் தெளிந்த மகள் கேட்ட முதல் வார்த்தை "அம்மா எங்க?" என்பது. பக்கத்துவீட்டுக்காரிதான் பதில் சொன்னாள். அந்தக் கேள்வி மூன்று வருடமாக உலகம்மாளின் நெஞ்சுக்குள் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது மாரிச்செல்விக்கு இரண்டாவது, ஓசூரில், ஆனி மாதம் நாள் குறித்திருந்தார்கள். இந்தத் தடவை எப்படியும் பக்கத்தில் இருந்துவிட வேண்டும். அவள் சாமியிடம் கேட்டதெல்லாம் இந்த ஒன்றுதான்.

இனி சேர்மக்கனி வந்த கதை. தொடருக்கு நூறாவது வாரம் வந்தபோது மூன்று கட்சிக்காரர்களும் பகையை மறந்து ரசிகர் மன்றத்தின் பெயரால் பேருந்து நிலையத்தில் ஒரு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். சுற்றிலும் கூலிங்கிளாஸ் போட்டு நாற்பது ரசிகர்கள். நடுவிலே தலைவர் படம் இருக்க வேண்டிய வட்டத்தில், படம் ஏது, வெள்ளையாக விட்டுவிட்டார்கள். ஃபிளெக்ஸ் கடைக்காரர் கல்யாணத்துக்கும் கட்சி மாநாட்டுக்கும் வைத்திருக்கிற அதே அச்சை எடுத்து, வழக்கம்போல, 'எங்கள் ஊருக்கு வருகை தரும் சேர்மக்கனி அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்' என்று போட்டுக்கொடுத்தார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று நாலு பேர் பார்த்தார்கள், இல்லை என்றதும் கட்டிவிட்டார்கள். நாற்பது பேர் கும்பிட்டு அழைத்தால் மரியாதை தெரிந்த எந்த மனுசர்தான் வராமல் இருப்பார்?

திங்கட்கிழமை கடிகாரம் ஓடியது. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக் குழாய் ஒழுகுவதை நிறுத்தியது. புதன்கிழமை தபால் ஆபீஸ் மின்விசிறி கடகடவென்று அடிக்காமல் சுற்றி, போஸ்ட் மாஸ்டர் தூக்கம் வராமல் எழுந்து வேலை பார்த்தார். வியாழக்கிழமை ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "சேர்மக்கனில்லா வந்திருக்காரு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, விருந்தாளி வந்திருக்கும்போது என்ன செய்வது வழக்கமோ அதைச் செய்ய ஆரம்பித்தார்கள். சங்கரபாண்டி, செத்தவர்தானே என்று, ஃபிளெக்ஸுக்குக் கீழே ஊதுபத்தி கொளுத்தி வைத்தார். ஆபிரகாம் உத்தேச அளவில் ஒரு ரவிக்கை தைத்து, அளவு சரியில்லை என்றால் பிரித்துத் தைத்துத் தருவதாகச் சீட்டும் எழுதி வைத்தார். டீச்சர் ஏழு டம்ளரில் டீ வைத்தார். மறுநாள் பார்த்தால் ஊதுபத்தி அடிவரை எரிந்து சாம்பல் கூட்டித் தள்ளியிருந்தது, ரவிக்கையைக் காணவில்லை, ஏழு டம்ளரும் கழுவிக் கவிழ்த்திருந்தன. "பாத்தியளா, நான் சொல்லல?" என்று மூன்று பேரும் மூன்று பக்கத்திலிருந்து ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

பேரூராட்சி கூடி, சேர்மக்கனியைக் கண்ணுக்குத் தெரியாத தற்காலிகப் பணியாளராக ஏற்றுத் தீர்மானம் போட்டது. அதன்பிறகு ஊர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. கதவு கிறீச்சிட்டாலும், சைக்கிள் செயின் கழன்றாலும், கிரைண்டர் நின்றாலும், "சேர்மக்கனி பாத்துக்கிடுவாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்கள், அவரும் பார்த்துக்கொண்டார். போகப்போகப் பால் பொங்கினால்கூட எழுந்து அடுப்பை அணைக்காமல் அதையே சொன்ன மகராசிகளும் உண்டு.

உலகம்மாள் முதல் நாள் விடியற்காலை பம்ப் ரூமுக்குப் போனபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, வடக்குத்தெரு வால்வு திறந்திருந்தது, எவ்வளவு திறக்க வேண்டுமோ அவ்வளவு, ஒரு சுற்றுக் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. வேலை தெரிந்த கை என்று அவளுக்கு உடனே விளங்கியது. செய்ய ஒன்றுமில்லாமல் படியில் உட்கார்ந்து, பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாகச் சூரியன் வருவதை முழுசாகப் பார்த்தாள். இரண்டாம் நாள் ஏழு மணிவரை தூங்கினாள். பக்கத்துவீட்டுக்காரி பயந்துபோய் வந்து மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் ஓசூர் பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாள். மகளுக்குப் போன் பண்ணி, "ஏட்டி, இந்தத் தடவ பத்து நாளைக்கு முந்தியே வந்திருவேன், ஒரு மாசம் இருப்பேன்" என்றாள். "நெசமாவாம்மா?" என்றாள் மகள்.

அடுத்த ஞாயிறு கப்பலில் ஒரு குழாய் வெடித்தது. கேப்டன் தாடியைத் தடவி, "சேர்மக்கனி பார்த்துக்கொள்வார்" என்றார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தரம் சொன்னார். குழாயிலிருந்து புகைதான் வந்தது. கடைசியில் சின்ன அதிகாரி ஒருத்தி ஓடிப்போய் ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அடைத்துக்கொண்டு நின்றாள், அத்தோடு அந்த வாரம் முடிந்தது. அதற்கடுத்த ஞாயிறு கப்பலில் பாதி விளக்கு இல்லை, எல்லாரும் போர்வைக்குள் இருந்தார்கள், அவள் அதே இடத்தில் அதே விரலோடு நின்றுகொண்டிருந்தாள். மூன்றாவது ஞாயிறு கேப்டன் கீழ்த்தளத்துக்குப் போகும் பேசுகுழலில் வாயை வைத்து, "சேர்மக்கனி, சேர்மக்கனி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இன்னும் இரண்டு வாரத்துக்குத்தான் காற்று இருக்கிறது என்று யாரோ வந்து சொன்னார்கள். மற்ற ஊர்களில் கதை சூடு பிடித்துவிட்டது என்று சந்தோசப்பட்டார்கள். ஓடைக்கரைப்பட்டியில் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஊர் தானாகவே பேருந்து நிலையத்தில் கூடியது.

"அது கதைதானவே, சும்மா நடிக்கிறாவ" என்று ஆபிரகாம் மெல்ல ஆரம்பித்தார்.

"கதையில உள்ளவருதான் உம்ம ரவிக்கைய எடுத்துட்டுப் போனாரு" என்று சங்கரபாண்டி சொன்னதும் அவர் அடங்கிவிட்டார்.

அனுப்பத்தான் வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற உலகம்மாளின் டிக்கெட் ஊருக்கே தெரிந்த விஷயம். டீச்சர்தான் தயங்கித் தயங்கி, "உலகம்மா போயிட்டு வார வரைக்கும் வச்சிக்கிடலாமான்னு கணக்குப் போட்டுப் பாத்தேன். காத்து அதுவரைக்கும் பத்தல" என்றார்.

உலகம்மாளுக்கு அழுகை வந்தது. யாரோ எழுதிய கப்பல், யாரோ எழுதிய ஆட்கள், அவர்களுக்காகத் தன் வயிற்றில் பிறந்த மகளிடம் மறுபடியும் வாக்குத் தவற வேண்டுமா என்று ஆத்திரமாக வந்தது. ஆனால் ஓட்டையில் விரலை வைத்துக்கொண்டு மூன்று வாரமாக நிற்கிற அந்தப் பெண்ணை அவளால் மறக்க முடியவில்லை. அந்த விரல் எப்படி மரத்துப்போகும், எடுக்கலாமா வேண்டாமா என்று மனசு எப்படிக் கிடந்து அடிக்கும் என்பது அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். "போகட்டும். அனுப்பிருவோம்" என்றாள்.

உடனே ஃபிளெக்ஸை அவிழ்த்தார்கள். வழியனுப்பு விழாவுக்குப் புதிதாக ஒன்று அடிக்கச் சொன்னார்கள், கடைக்காரர் பழக்கதோசத்தில் 'நன்றி, மீண்டும் வருக' என்று போட்டுவிட, அலறியடித்துக்கொண்டு பின்பாதியில் நியூஸ்பேப்பர் ஒட்டினார்கள். புளியோதரைப் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் வைத்து, பக்கத்தில் ஒருவரையும் உட்காரவிடாமல் அனுப்பினார்கள். மறுநாள் காலையும் டீச்சர் வைத்த ஏழு டம்ளரும் கழுவிக் கவிழ்த்தே இருந்தன. ஆள் போகவில்லை.

உலகம்மாள்தான் காரணம் கண்டுபிடித்தாள். "வேலைய அரைகொறையா வச்சிட்டு அவரு எப்படிப் போவாரு? நாம சொல்லிக்கிட்டே இருக்கோம், அவரும் செஞ்சிக்கிட்டே இருக்காரு. ஒரு நாளாவது ஒருத்தரும் ஒண்ணும் சொல்லாம இருங்க."

அப்படியே தண்டோரா போட்டார்கள். சனிக்கிழமை காலை முதல் ஞாயிறு பதினோரு மணிவரை சேர்மக்கனியின் பெயரை ஒருவரும் சொல்லக்கூடாது. கேட்க எளிதாக இருந்தது; நடந்தபோதுதான் நாக்கு எப்பேர்ப்பட்ட எதிரி என்று தெரிந்தது. சங்கரபாண்டி வாய் நிறைய கிராம்பை அடக்கிக்கொண்டு முடி வெட்டினார். ஆபிரகாம் தையல் மெஷின் ஊசி ஒடிந்தபோது "சேர்" வரைக்கும் வந்துவிட்டு, "சேர எடுத்துப் போடும்மா, உக்காருதேன்" என்று சமாளித்தார். கடிகாரம் ஒன்றேகாலில் போய் நின்றது. ஊரே ஸ்பேனரும் கயிறும் தேடி அலைந்தது, கண்டபடி தட்டியது, சிலதைச் சரியாக்கியது, பலதை இன்னும் கெடுத்தது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, எல்லாத் தெருவும் துணி துவைக்கக் குடத்தோடு காத்திருந்த நேரத்தில், பம்ப் ரூமில் பெரிய பைப்பின் இணைப்பு பிளந்தது. உலகம்மாள் மோட்டாரை நிறுத்திவிட்டு ஓடினாள். தொட்டியிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பைப்பைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை, இறுக்க ஒரு கை, ரப்பரைச் சுற்ற ஒரு கை, வால்வை மூட ஒரு கை வேண்டும், இருந்ததோ இரண்டு. பெயர் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இது சரியாகிவிடும், ஓசூரும் போகலாம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ தடவை இந்தப் பைப்பு வெடித்திருக்கிறது, ஒரு தடவைகூட அவள் யாரையும் கூப்பிட்டதில்லை, கூப்பிட்டால் வருவார்கள் என்று அவளுக்குத் தோன்றியதும் இல்லை. இப்போது வாய் வரை வந்த பெயரை விழுங்கிவிட்டு, வேறு வழி இல்லாமல், ஜன்னலில் தலையை நீட்டி, தெருவே அதிரும்படி கத்தினாள்.

"சங்கரபாண்டி அண்ணாச்சி! ஆபிரகாம் அண்ணாச்சி! ஜெயராணி டீச்சர்! அங்க நின்னு என்ன பாக்கிய, உள்ள வாங்க! இதப் பிடிங்க!"

வந்தார்கள். டீச்சர் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வால்வைத் திருகினார், முதலில் எதிர்ப்பக்கமாக. ஆபிரகாம் பைப்பைத் தோளில் தாங்கினார். சங்கரபாண்டி பிளவில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அமுக்கி, வாயிலிருந்த கிராம்பையெல்லாம் துப்பிவிட்டு, "இவ்வளவு தண்ணியா தாயி வருது!" என்று தண்ணீரைப் புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி கேட்டார். உலகம்மாள் ரப்பர் டியூபைச் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். ஒரு மணி நேரம் ஆயிற்று, ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, பதினோரு மணி ஆயிற்று, நாலு பேரும் தொடர் பார்க்கப் போகவில்லை. பதினொன்றே காலுக்குத் தூரத்தில் மேலத்தெருவிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. வடக்குத்தெரு அதை வாங்கியது, பள்ளிக்கூடத் தெரு வாங்கியது, மாடிக்கு மாடி தாவி, கடைசியில் பம்ப் ரூம் வாசலில் வந்து விழுந்தது.

"வெளக்கு வந்துட்டு! கப்பல்ல வெளக்கு வந்துட்டு! அந்தப் பிள்ள விரல எடுத்துட்டா!"

நாலு பேரும் நனைந்த கோழிகள் மாதிரி நின்று சிரித்தார்கள். பிறகு உலகம்மாள் படியில் உட்கார்ந்து அழுதாள். ஓசூர் டிக்கெட்டை நினைத்துத்தான் என்று மற்ற மூன்று பேருக்கும் விளங்கியது. சங்கரபாண்டி மரத்துப்போன விரல்களை உதறிக்கொண்டே, "எந்த வால்வு எத்தன சுத்துன்னு எழுதிக் குடு தாயி" என்றார். "ஒரு மாசத்துக்கு நாங்க செத்தா போயிருவோம்?"

அதற்குள் டீச்சர் நோட்டை எடுத்துவிட்டார்.

மூன்று வாரம் ஓடைக்கரைப்பட்டியே பம்ப் ரூமில் பாடம் படித்தது. முறை வைத்து ஒரு நாளைக்கு ஒரு தெரு. முதல் வாரம் வடக்குத்தெருவுக்கு இரண்டு தடவை தண்ணீர் போய், மேலத்தெருவுக்குக் காற்றுதான் போனது. இரண்டாம் வாரம் தொட்டி வழிந்து பேரூராட்சி அலுவலகத்துக்குள் புகுந்தது, நாய்கள் இடம் மாறிப் படுத்தன. விடியற்காலை நாலரைக்கு எழும்புவது என்றால் என்ன என்று ஊருக்குத் தெரிந்தது. அதன்பிறகு உலகம்மாளைத் திட்டிய வாய் ஒன்றைக்கூட நான் கேள்விப்படவில்லை. குறித்த தேதியில் அவள் பஸ் ஏறினாள். வழியனுப்ப வந்த கூட்டத்தில் எல்லார் கையிலும் கிரீஸ் கறை இருந்தது.

அவள் ஓசூர் போன எட்டாவது நாள், ஞாயிறு, 'நெடுவெளிக் கப்பல்' கடைசி வாரம். அன்றைக்குச் சேர்மக்கனி கீழ்த்தளத்திலிருந்து மேலே வருவார், முகத்தைக் காட்டுவார் என்று ஒரு மாதமாக விளம்பரம் செய்திருந்தார்கள். மாரிச்செல்விக்கு அன்று காலைதான் வலி எடுத்தது. ஆஸ்பத்திரிக் கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நோயாளிகள், கூட வந்தவர்கள், வாட்ச்மேன் எல்லாரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். கேப்டன் சொன்னார்: "சேர்மக்கனி, போதும். மேலே வாருங்கள். உங்களைப் பார்க்க வேண்டும்." இரும்புப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. கதவின் பூட்டு திரும்பியது. உலகம்மாளும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"மாரிச்செல்வி கூட வந்தது யாருங்க?"

நர்ஸ் பின்னாலிருந்து கூப்பிட்டாள். டிவியில் கதவு திறந்தது. உலகம்மாள் திரும்பிவிட்டாள்.

அந்த முகத்தை நாட்டில் எல்லாரும் பார்த்தார்கள், அவள் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே ஊரிலிருந்து சங்கரபாண்டியும் ஆபிரகாமும் டீச்சரும் தனித்தனியாகப் போன் பண்ணி, "நான் சொன்னதுதான் சரியாப் போச்சு, பாத்தியா!" என்று மூன்று பேரும் ஆனந்தக் கூத்தாடினார்கள், மூன்று பேரும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்று அவள் கேட்கவில்லை, அப்போது கேட்க நேரமும் இல்லை.

"நான்தாம்மா. நான்தான் கூட வந்தது" என்று, நர்ஸ் கூப்பிட்ட அந்த நிமிடமே கையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். உள்ளே ஒரு துணிச்சுருளுக்குள் பெண்பிள்ளை, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஊரைக் கூட்டுகிற மாதிரிக் கத்திக்கொண்டிருந்தது. மாரிச்செல்வி வியர்த்து ஓய்ந்துபோய்க் கிடந்தவள், மெதுவாகக் கண்ணைத் திறந்து, கதவுப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"அம்மா எ..." என்று ஆரம்பித்தாள், கேட்டு முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவில்லை.